நாலாண்டுப் பழங்கணக்கு எவர்க்குப் பயன்?

மதுக்கரையிலே யானையின் காலடிக்குக் கணக்குண்டு. காற்றில் கலக்கும் கரிவளிக்குக் கணக்கில்லை!

2021 நவம்பரில், மதுக்கரைக்கும் வாளையாற்றுக்கும் இடையே நவக்கரையருகில் தொடர்வண்டி மோதி மூன்று யானைகள் மாண்டன. அதன்பின், 2024 பெப்ருவரியில், தமிழ்நாட்டு வனத்துறை அவ்விருப்புப்பாதையோரம் 12 கோபுரங்களை நிறுத்தி, வெப்பமறியும் ஒளிக்கருவிகளைப் பொருத்தி, யானை பாதையை அணுகும்போதே வண்டியோட்டிக்குச் செய்தி எட்டுமாறு வழிசெய்தது. பாராட்டத்தக்க செயலே. ஆனால், இருளில் வரும் யானையை அந்நொடியே கண்டுகொள்ளும் அதே நாடு, தன் உலைகளும் வண்டிகளும் மின்னிலையங்களும் உமிழும் கரிவளியை நான்காண்டு கழித்தே எண்ணிச் சொல்லும் என்றால், அது அறிவியலின் குறையா? ஆள்வோர் நெஞ்சின் குறையா?

மதுக்கரையை எடுத்துக்காட்டாக்குவதற்குத் தக்க ஏதுவுண்டு. அங்கே பைஞ்சுதை ஆலை எழுந்தது 1934-இல். பைஞ்சுதை என்பது (சிமிட்டி என்றால்தான் சிலர்க்கு விளங்குகிறது, வருந்தத்தக்கதே) சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் செய்வது. தூய சுண்ணாம்புக்கல் 100 பங்கைச் சுட்டால் 56 பங்கு சுண்ணமாகும். மீந்த 44 பங்கு கரிவளியாகிக் காற்றிலேறும். சுடுவதற்கு எரிக்கும் கரியின் வளி இதனினும் வேறு. உலகில் எங்கே பைஞ்சுதை செய்யினும் கல்லுக்குள் உறங்கும் இவ்வளி வெளிவந்தே தீரும். ஆலைத்தூசு கண்ணுக்குத் தெரியும், ஓட்டின்மேல் படியும், ஊரார் முறையிடுவர். கரிவளிக்கோ நிறமில்லை, மணமில்லை. அதைக் காண்பதற்கு மாந்தர்க்குள்ள ஒரே கண் எண்தான். அந்த எண்ணைக் காலங்கடத்துவது கண்ணைக் கட்டுவதேயாகும்.

எவ்வளவு காலம் கடத்தினர்? ஒன்றிய நாடுகள் மன்றத்திற்கு இந்திய அரசு அளித்த முதலறிக்கை 2004-இல் வந்தது. அதிலிருந்த கணக்கோ 1994-ஆம் ஆண்டினது. இரண்டாவது 2012-இல் வந்தது, கணக்கு 2000-த்தினது. பன்னிரண்டாண்டு! அந்த இடைவெளியில் பிறந்த குழந்தை பள்ளியில் ஆறாம் வகுப்பை எட்டியிருக்கும். பின்னர்க் கொஞ்சம் விரைவு வந்தது. 2016-க்குரிய கணக்கு 2021 பெப்ருவரியிலும், 2019-க்குரியது 2023 திசம்பரிலும், 2020-க்குரியது 2024 திசம்பரிலும் வெளியாயின. பன்னிரண்டு நான்காகியது முன்னேற்றம் என்று மகிழ்வோர் மகிழ்க.

இறுதியாகச் சொன்ன அறிக்கையைச் சற்றே ஊன்றிப் பார்த்தல் வேண்டும். 2020-இல் பைங்குடில் வளிகளின் மொத்த உமிழ்வு, கரிவளி அளவில் கூறின், ஏறத்தாழ 296 கோடித் தொன். காடும் நிலமும் உறிஞ்சியது போக ஏறத்தாழ 244 கோடித் தொன். முந்தைய ஆண்டினும் 7.93 விழுக்காடு குறைவு என அரசின் செய்திக்குறிப்பு முன்னிறுத்தியது. 2020 எத்தகைய ஆண்டு? பெருந்தொற்றால் ஆலைகள் அடைபட்டு, பேருந்துகள் நின்று, வடபுலத் தொழிலாளர் கால்நடையாய் ஊர் திரும்பிய ஆண்டு. உழைப்பாளி பட்டினி கிடந்ததால் குறைந்த வளியை, நாடு மீண்டும் முழுவீச்சில் எரிக்கத் தொடங்கிய 2024-இன் கடைசியில் எடுத்துக்காட்டி, 'இதுவே எம் புதிய கணக்கு' என்பது எவ்வகை நேர்மை? காலந்தாழ்ந்த எண் பொய்யெண் அன்று. ஆனால் பொய்யின் வேலையை அது செம்மையாகச் செய்துவிடுகிறது.

'கணக்கிடுவது எளிதன்று' என்பர். எதற்குக் கடினம்? வயலும் மாட்டுத்தொழுவும் குப்பைமேடும் விடும் வளிகளை எண்ணுவது கடினமே, ஒப்புக்கொள்ளலாம். கரிவளியோ அவ்வாறன்று. அதன் பெரும்பகுதி எரிபொருளிலிருந்தும் பைஞ்சுதை, இரும்பு உலைகளிலிருந்தும் வருவது. 12 பங்கு கரிமம் முற்றும் எரிந்தால் 44 பங்கு கரிவளி. இது மாறாத கணக்கு. ஒரு படி தீசல் எரிந்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் வரும். எரித்த அளவு தெரிந்தால் வளியின் அளவு தெரியும். எரித்த அளவு அரசுக்குத் தெரியாதா? மின்னிலையங்களின் ஆக்கத்தை நடுவண் மின்னாற்றல் ஆணையம் நாள்தோறும் வெளியிடுகிறது. கன்னெய், தீசல் செலவைத் திங்கள்தோறும் எண்ணெய் அமைச்சகம் வெளியிடுகிறது. நிலக்கரி, உருக்கு, பைஞ்சுதை ஆக்கமும் திங்கள்தோறும் வருகிறது. அரிசியும் உண்டு, அடுப்பும் உண்டு. சோறு மட்டும் நான்காண்டு கழித்து வேகும் என்பது என்ன சமையல்?

இதனினும் பெரிய முரணொன்று. நாட்டின் பொருளியல் வளர்ச்சியைக் காலாண்டுதோறும், காலாண்டு முடிந்த இரண்டு திங்களிலேயே புள்ளியியல் அமைச்சகம் மதிப்பிட்டுச் சொல்லிவிடுகிறது. பிழையிருப்பின் பின்னர்த் திருத்துகிறது, எவரும் குறைகூறுவதில்லை. ஈட்டியதை இரண்டு திங்களில் எண்ணுகிறவர்கள், அவ்வீட்டத்தின் சாம்பலை எண்ண நான்காண்டு கேட்கிறார்கள்! சுவீடன் நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் உமிழ்வையும் காலாண்டுதோறும் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியமும் அவ்வாறே. பிரித்தானிய அரசு சென்ற ஆண்டின் முற்கணக்கை மறு மார்ச்சிலேயே வெளியிடுகிறது. முற்கணக்கு, பின் திருத்தம். இம்முறையை இங்கே கையாள என்ன தடை?

'உலக மன்றம் ஈராண்டுக்கு ஒருமுறைதானே கேட்கிறது?' என்று விடை வரும். கணக்கு உலக மன்றத்துக்கு மட்டுமா? கோவையின் வார்ப்படப் பட்டறைக்காரர்க்கு இல்லையா? ஐரோப்பிய ஒன்றியம் 2026 சனவரி முதல் இரும்பு, உருக்கு, அலுமினியம், பைஞ்சுதை முதலிய இறக்குமதிகள்மீது கரிவளிக் கட்டணத்தை முறைப்படி தொடங்கிவிட்டது. தன் பொருளில் அடங்கிய வளியைச் சான்றோடு காட்ட மாட்டாதவர்மீது அவர்களே வகுத்த மதிப்பு ஏறும். அது கனமாகவே ஏறும். பெருநிறுவனம் ஆங்கிலம் வல்ல கணக்கரை அமர்த்திக்கொள்ளும். பத்துப்பேரை வைத்து உலை மூட்டுகிற கொங்குநாட்டுச் சிறு பட்டறைக்காரர் எந்த நூலைப் படிப்பார்? மின்னாற்றல் ஆணையம் ஆண்டுதோறும் தரும் கரிவளிக் குறிப்பும் ஆங்கிலம். ஒன்றிய நாடுகள் மன்றத்துக்குப் போகும் அறிக்கையும் ஆங்கிலம்.

எண்ணைத் தமிழில் எழுத முடியாதென எவரும் சொல்லத் துணியார். தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகளில், நிலத்தை வேலி, மா, காணி, முந்திரி என நுணுகி, அதற்கும் கீழான பின்னம் வரை அளந்து, எவரும் படிக்கச் சுவரிலேயே வெட்டிவைத்தனர் சோழர். புரவுவரித் திணைக்களமென்றே ஒரு துறை அக்கணக்கைப் பேணிற்று. ஆயிரமாண்டுக்கு முன் ஊரார் கண்முன் கல்லில் நின்ற கணக்கு, இன்று தில்லியின் ஆங்கில அறிக்கையில் ஒரே நாட்டுத்தொகையாய்க் கரைந்துகிடக்கிறது. அதில் தமிழ்நாட்டின் பங்கு எவ்வளவென்று பிரித்துக் காட்டப்படவில்லை. மதுக்கரைக்கோ ஒரு வரியும் இல்லை.

கேட்கவேண்டியது இதுதான்: காலாண்டுக்கொரு முற்கணக்கு, அது முடிந்த மூன்று திங்களுக்குள், நாட்டுத்தொகையோடு மாநிலந்தோறும், தொழில்தோறும் பிரித்து, திருத்தம் வந்தால் எங்கே, ஏன் என்ற குறிப்போடு. தமிழ்நாட்டுக்குரிய பகுதியைத் தமிழிலேயே அச்சிட்டு, மாவட்டப் புள்ளியியல் அலுவலகங்களில் எவரும் கேட்டுப் பெறுமாறு வைத்தல் வேண்டும். மாநில அரசுக்குப் பொருளியல் புள்ளியியல் துறையென ஒன்று முன்னரே உண்டு. புதிய கட்டடம் வேண்டா. புதிய சட்டமும் வேண்டா. தில்லி தரும் வரை காத்திராமல், மாநிலத்திற்குள் எரிந்த கரியையும் எண்ணெயையும் கொண்டு முதற்கணக்கை அத்துறையே இவ்வாண்டு தொடங்கலாம்.