பழைய லேப்டாப் என்ன பாவம் செய்தது?

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு வைஃபை வரவில்லையா, போச்சு. 'லினக்ஸே இப்படித்தான்' என்று ஒரு கோஷ்டி கிளம்பும். 'வயசான மெஷின், தூக்கிப் போடு' என்று இன்னொரு கோஷ்டி. திருடனை விட்டுவிட்டு திண்ணையில் உட்கார்ந்தவனைப் பிடிக்கிற கதை!

பிராட்காமின் பிசிஎம்4312 சிப்பையே எடுத்துக்கோங்க. 2009 வாக்கில் வந்த ஏகப்பட்ட லேப்டாப்களில் இதுதான். இதற்கு ரெண்டு டிரைவர். ஒன்று, பி43. சிப்பின் உள்விவரங்களை பிராட்காம் தரவில்லை. அதனால் ஒரு குழு மூடிய டிரைவரைத் தோண்டித் துருவி விவரம் எழுதியது, இன்னொரு குழு அதைப் படித்து புதிதாக நிரல் எழுதியது. சம்பளமில்லாத வேலை. மற்றொன்று, பிராட்காமே கொடுத்த டபிள்யூஎல். அதில் முக்கியமான பகுதி திறக்கவே முடியாத பொட்டலம்.

ஒரே உறையில் ரெண்டு கத்தி. டபிள்யூஎல் பேக்கேஜ் உள்ளே வந்ததும் பி43, எஸ்எஸ்பி எல்லாவற்றையும் பிளாக்லிஸ்ட்டில் போடும். சரி, போகட்டும். டெபியனில் அதை 'ரிமூவ்' செய்தாலும் பிளாக்லிஸ்ட் ஃபைல் அப்படியே உட்கார்ந்திருக்கும், 'பர்ஜ்' செய்தால்தான் போகும். ஆக டபிள்யூஎல்லும் இல்லை, பி43யும் தானாக ஏறாது. இதைவிடக் கூத்து, அதே மெஷினில் கேபிள் நெட்வொர்க்குக்கு பி44 டிரைவர் இருந்தால், அது எஸ்எஸ்பியைத் துணைக்கு இழுத்து வரும். வந்த எஸ்எஸ்பி வைஃபை சிப்பைப் பிடித்துக்கொள்ளும். டபிள்யூஎல் வாசலிலேயே நிற்கும்.

பி43 போதும் என்றால் ஃபர்ம்வேர் வேணும். அதை டிஸ்ட்ரோவோடு சேர்த்துக் கொடுக்க பிராட்காமின் அனுமதி இல்லை. அவரவர் மூடிய டிரைவரை டவுன்லோடு செய்து அதிலிருந்து வெட்டி எடுக்கணும். நெட் வர நெட் வேணும்!

'2010-ல் திறந்த டிரைவர் கொடுத்தார்களே?' கொடுத்தார்கள், 4313 போன்ற அப்போதைய புது சிப்களுக்கு. 4312 வாங்கியவனுக்குப் பட்டை நாமம். டபிள்யூஎல்லும் 2015-ல் வந்த வெர்ஷனோடு நின்றுவிட்டது. புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் ஒட்டுப் போடுவது டிஸ்ட்ரோ ஆட்கள்தான். திட்டு வாங்குவதும் அவர்களே.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. இனி செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கும் மாணவனுக்கு லினக்ஸ்தான் கதி. அவனிடம் போய் 'தூக்கிப் போடு' என்று சொல்லும் மகராசர்கள், முதலில் 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' அடித்து சிப்பை எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று பார்க்கட்டும். அப்படியே மோட்ப்ரோப்.டி ஃபோல்டரில் பழைய பிளாக்லிஸ்ட் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்றும்.