நாரையும் நானும் நடுவில் ஒரு கண்ணாடியும்

பி.காம். படித்தவனுக்கு எதையும் வரவு-செலவாகப் பார்க்கிற புத்தி போகாது. அந்தப் புத்தி டிசம்பரில் ஒரு விடியற்காலை என்னைக் கைவிட்டது.

இடம் வடுவூர் ஏரி. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி ரோட்டில் போனால் வரும். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம். தூரத்து மரத்தில் நத்தைகுத்தி நாரைகள். என் 70-300 ஸூம் லென்ஸில் பார்த்தால் எறும்பு சைஸ்!

நண்பனிடம் ஓசி வாங்கிய 2எக்ஸ் டெலிகன்வர்ட்டரை மாட்டினேன். 300 மி.மீ., 600 ஆயிற்று. வரவு பிரமாதம். செலவு? வெளிச்சத்தில் முக்கால் பங்கு காலி. எஃப் 5.6 என்பது எஃப் 11. ஆட்டோஃபோகஸ், தொலைந்த சாவியைத் தேடுகிறவன் மாதிரி முன்னும் பின்னும் அலைந்தது. படத்தில் நாரை, கொடியில் காயும் வேட்டி!

1.4எக்ஸ் என்றால் பாதி வெளிச்சம்தான் போகும். 2.8, 4 லென்ஸ் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் கம்பெனியின் பட்டியலில் உங்கள் லென்ஸ் இருக்கிறதா பாருங்கள். துருத்தி நிற்கும் முன்கண்ணாடி, பொருந்தாத லென்ஸில் இடித்தால் இரண்டும் பாழ்.

"போனஸ்ல 1.4 வாங்கட்டுமா?" என்றேன் மனைவியிடம்.

"உங்க லென்ஸ் 5.6-னு நீங்கதானே சொன்னீங்க? அந்தக் காசுக்கு எத்தனை தடவை வடுவூர் போகலாம்! அது கிட்ட வர்ற அன்னிக்கு எடுங்களேன்."

மூன்றாவது ஞாயிறு, ஏரிக்கரையை ஒட்டிய வயலில் நத்தை தேடி ஒரு நாரை இறங்கியது. வெறும் 300-லேயே கண்ணும் அலகும் பளிச்!

போனஸ் பத்திரமாக இருக்கிறது. மனைவியிடம்.