கேமராவுக்குப் பயந்த இயக்குநர்

பி.காம் படிக்கிறவனுக்குப் போலந்து சினிமா எதற்கு என்று கேட்பீர்கள். கீஸ்லோவ்ஸ்கி கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

1941-ல் வார்சாவில் பிறந்தவர். வூச் திரைப்படப் பள்ளியில் படித்துவிட்டு ஆவணப்படங்கள் எடுத்தார். 1980-ல் வந்த 'நிலையம்' படத்துக்காக வார்சா ரயில் நிலையத்தில் பயணிகளைப் படம்பிடித்தபோது, போலீஸ் பிலிம் சுருள்களை அள்ளிக்கொண்டு போனது. தாயைக் கொன்ற ஒரு பெண், உடலை அந்த நிலையத்து லாக்கரில் விட்டுப்போனாளாம். சுருளில் அவள் இல்லை. இருந்திருந்தால், தன்னையறியாமல் போலீஸுக்கு ஆள்காட்டி ஆகியிருப்போமே என்று கலங்கினார். கொஞ்சம் கொஞ்சமாக ஆவணப்படங்களை விட்டு விலகினார்.

கொலைகாரியைப் பிடிக்க உதவினால் என்ன தப்பு என்று நண்பன் சண்டைக்கு வந்தான். தப்பில்லைதான். ஆனால் எடுத்த படம் யார் கைக்குப் போகும் என்பது எடுத்தவன் கையில் இல்லையே!

நிஜ மனிதர்களின் கண்ணீரைப் படம்பிடிக்கத் தனக்கு உரிமை உண்டா என்று பயந்தவர் அவர். அதனால்தான் 'டெக்கலாக்', 'மூன்று வண்ணங்கள்' எல்லாம் நடிகர்களை வைத்து எடுத்த கதைகள். 1996-ல், 54 வயதில் இறந்துவிட்டார்.

இன்று பஸ்ஸில் ஒருவர் அழுதால்கூடச் செல்போனை நீட்டுகிறோம். எடுக்கும் முன் கொஞ்சமாவது பயப்படலாம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.