சம்பளப் பணம் எந்தப் பையில் இருக்க வேண்டும்?

மாதம் முடிந்து ஏழு நாளைக்குள் சம்பளம் தொழிலாளியிடம் வந்து சேர்ந்துவிட வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். எட்டாம் நாள் அந்தச் சம்பளம் எங்கே போகிறது என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை. அதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். மின்சாரப் பில், தண்ணீர் பில், பிள்ளைகளின் பள்ளி பஸ், கைபேசிக்கு டாப் அப், மளிகைக் கடை பாக்கி. இத்தனையும் போக மிஞ்சுவதில்தான் அடுப்பு எரிகிறது.

இந்தப் பில்களை எதைக் கொண்டு கட்டுவது என்பதில் நம் குடும்பங்களில் இப்போது ஒரு வழக்கு நடக்கிறது. "கார்டில போட்டு வெச்சிக்கிட்டா போதும், பேங்க் எதுக்கு?" என்கிறான் பேரன். "கார்டும் வேணாம், பேங்கும் வேணாம், காசைக் கையில குடு" என்கிறார் பாட்டி. இருவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவரும் சேர்ந்து ஏமாறுவதற்கும் வழி இருக்கிறது.

பண்டமாரானில் ஓர் அம்மா. இளமையில் பால்மரம் சீவியவர்; தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு பிள்ளைகளோடு துறைமுகப் பக்கம் வந்து குடியேறியவர். வீட்டுச் செலவுப் பணம் முழுவதையும் பேரன் அவருடைய கைபேசியிலுள்ள பணப்பையில் நிரப்பி வைத்தான். முன்பணம் போட்டுப் பேசும் நம்பர் அது. இரண்டு மூன்று மாதம் டாப் அப் செய்ய மறந்துபோக, நம்பர் செத்துவிட்டது. பணப்பையைத் திறக்க அந்த நம்பருக்குத்தான் இரகசிய எண் வரும். நம்பர் போனதும் பையும் பூட்டிக்கொண்டது. பணம் எங்கும் ஓடிவிடவில்லை. ஆனால் மூன்று வாரம் கைக்கு வரவும் இல்லை. அதற்குள் மின்சாரத்தை வெட்டப்போவதாக அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். "எம் பணந்தான் ஐயா, ஆனா எங்கிட்ட இல்ல" என்று அவர் நம்மிடம் சொன்னார்.

அந்தச் சொல்லில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கார்டில் நிரப்பிய பணம் ஒரு வாக்குறுதி. எந்தக் கடை ஏற்றுக்கொள்கிறதோ அங்கே மட்டும், எந்த நிபந்தனை போட்டிருக்கிறார்களோ அதன்படி மட்டும் அது பணம்.

நம் முன்னோருக்கு இது புதிய சங்கதியன்று. சுமத்ராவின் டெலி வட்டாரத்துத் தோட்டங்களில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோட்ட நிர்வாகங்களே உலோக வில்லைகளை அடித்துக் கூலியாகக் கொடுத்தன. அந்த வில்லை அந்தத் தோட்டத்துக் கடையில் செல்லும். வேலியைத் தாண்டினால் வெறும் தகடு. சீனரும் ஜாவாக்காரரும் நம் தமிழரும் அதை வாங்கிக்கொண்டுதான் பிழைத்தார்கள். இங்கேயும் தோட்டக் கடைக் கணக்குப் புத்தகம் எப்படி வேலை செய்தது என்று வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சாமான் முதலில், விலை பிறகு, சம்பள நாளில் கழிவு!

இதைத் தடுக்கத்தான் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 26ஆம் பிரிவு இருக்கிறது. சம்பளத்தை இந்த இடத்தில், இன்னாரிடம், இப்படித்தான் செலவழிக்க வேண்டும் என்று எந்த முதலாளியும் நிபந்தனை போட முடியாது. சில்லறைக் கடையிலோ குடிக்கும் கடையிலோ வைத்துச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்கிறது 28ஆம் பிரிவு. சம்பளம் தொழிலாளியின் வங்கிக் கணக்கில் போடப்பட வேண்டும் என்பது 25ஆம் பிரிவு. ரொக்கமாக வேண்டுமானால் தொழிலாளி எழுத்து மூலம் கேட்க வேண்டும். ஆகவே, "எல்லாருக்கும் ஒரு கார்டு தருகிறோம், அதிலேயே சம்பளம் ஏறும்" என்று எந்தக் கிராணியாவது சொன்னால், அது யாருடைய பெயரில் உள்ள கணக்கு, எந்த வங்கி என்று முதலில் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கார்டே கூடாது என்பதல்ல நம் கட்சி. நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடியில் காசை நீட்டினால் வாங்க ஆள் இல்லை, அங்கே கார்டுதான். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு கொமுட்டர் ரயிலில் போகிறவருக்கும் அது வசதி. கார்டுக்கு ஒரு பெரிய நன்மையும் உண்டு: தொலைந்தால் அதில் இருக்கிற 20 வெள்ளியோடு போகும், வீட்டுப் பணம் தப்பிக்கும். ஆனால் அந்த நன்மை 20 வெள்ளிக்குத்தான். 800 வெள்ளியை அதில் போட்டு வைத்தால் அதுவே தீமையாகிவிடும். பெயர் பதியாத கார்டு என்றால் கண்டெடுத்தவன் ராஜா.

செலவும் கவனிக்க வேண்டியதே. கார்டில் பணம் நிரப்ப ஒவ்வொரு தடவையும் 50 காசு வரை சேவைக் கட்டணம் வாங்கும் இடங்கள் உண்டு. கையில் இருப்பது பத்து வெள்ளிதான் என்று பத்துப் பத்தாக நிரப்புகிறவர்தான் நம்மவர். பத்து வெள்ளிக்கு 50 காசு என்றால் நூற்றுக்கு ஐந்து. நூறு வெள்ளியாக நிரப்புகிற வசதிக்காரருக்கு அதே 50 காசு அரை வெள்ளிதானே, நூற்றுக்கு அரை. இல்லாதவனிடம் கூடுதலாக வாங்குவது எல்லாக் கடைக்கும் வழக்கம் போலும்.

கார்டுப் பணத்துக்குக் காலக்கெடுவும் வரலாம். 2025இல் அரசாங்கம் 18 வயதுக்கு மேற்பட்ட குடிமக்கள் எல்லாருக்கும் அடையாளக் கார்டு வழியே 100 வெள்ளி கொடுத்தது நினைவிருக்கும். ஆகஸ்ட் 31 முதல் டிசம்பர் 31 வரை, பதிவு பெற்ற கடைகளில், குறிப்பிட்ட அடிப்படைப் பொருள்களுக்கு மட்டும். உதவியைக் குறை சொல்லவில்லை. அரிசி வாங்கியவர்கள் வாழ்த்தினார்கள். ஆனால் அந்த நூறு வெள்ளியைக் கொண்டு தண்ணீர் பில் கட்ட முடியாது, கெடு தாண்டினால் மீதியும் இல்லை. உதவிப் பணத்துக்கு அது சரி. உழைத்துப் பெற்ற பணத்துக்கு அப்படி ஒரு கெடு இருக்கலாகாது.

வங்கிக் கணக்கிலோ பணம் பணமாகவே இருக்கிறது. வங்கி விழுந்தாலும் ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 வெள்ளி வரை வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகத்தின் காப்பு உண்டு. பணப்பைக்கு அந்தக் காப்பு இல்லை. பணப்பை நடத்தும் நிறுவனம் மக்கள் பணத்தைத் தனியே வைத்திருக்க வேண்டும் என்று மத்திய வங்கி விதித்திருப்பது உண்மைதான். ஆனாலும் இரண்டும் ஒன்றாகிவிடாது. 2015இல் வந்த ஜோம்பே முறையால் மின்சாரம், தண்ணீர் முதலியவற்றின் பில்லை வங்கிக் கணக்கிலிருந்தே கட்டலாம். பில்லில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் போட்டால் போதும். கட்டியதற்கு அத்தாட்சி கணக்கிலேயே பதிவாகி நிற்கும். "நீங்க கட்டல" என்று எவரும் சொன்னால் காட்டுவதற்கு ஒன்று இருக்கிறது. சேமநிதிப் பணமும் சொக்சோ பணமும் வருவதும் கணக்குக்குத்தான்.

வங்கிக்காரர்களுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. வங்கிக்குப் போனால் நம் மக்களுக்கு நடக்கிறது என்ன? எண் எடுத்துக் காத்திருக்க வேண்டும். விண்ணப்பம் நிரப்பத் தெரியாது. கேட்டால் "ஆப் இருக்கே" என்கிறார்கள். இன்னொரு கொடுமையும் உண்டு. வட்டிக்காரன் கடன் கொடுக்கும்போது ஏடிஎம் கார்டையும் இரகசிய எண்ணையும் அடகாக வாங்கி வைத்துக்கொள்கிறான். சம்பளம் ஏறுகிற அன்றைக்கே அவன் எடுத்துவிட்டு மீதியை எண்ணிக் கொடுக்கிறான். பழைய கணக்குப் புத்தகம் பிளாஸ்டிக் வடிவில் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் சிலர் இருநூறு முந்நூறு வெள்ளிக்கு ஆசைப்பட்டுக் கணக்கையே வாடகைக்கு விடுகிறார்கள். மோசடிக் கும்பல் அதில் பணம் புரட்டிவிட்டு மறைந்துவிடும். போலீஸ் தேடி வருவது நம் வீட்டு வாசலுக்கு.

கணக்குத் திறந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். இந்தியாவில் 2016 நவம்பர் 8இல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் ரொக்கச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் போயிற்று. அவசர அவசரமாகத் தொழிலாளர்களுக்குக் கணக்குகள் திறந்தார்கள். கணக்கு வந்தது, பணம் எடுக்கும் இயந்திரமோ பல தோட்டங்களுக்கு வெகுதூரத்தில் இருந்தது. கேரித் தீவுப் பக்கம் இன்னும் செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கஷ்டத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

நம் முடிவு இதுதான். சம்பளம் சொந்தப் பெயரில் உள்ள கணக்குக்கு வரட்டும். பெரிய பில்கள் அங்கிருந்தே கட்டப்படட்டும், அதுவும் சம்பளம் வந்த இரண்டொரு நாளில். டோலுக்கும் ரயிலுக்கும் சில்லறைக்கும் கார்டில் 20, 30 வெள்ளி போதும். கைபேசிப் பணப்பை வைத்திருப்பவர்கள் நம்பரைச் சாகவிடாதீர்கள். அது உங்கள் சொந்த அடையாளக் கார்டில் பதிவானதா என்றும் பாருங்கள். மகன் பெயரில், மருமகன் பெயரில் எடுத்த நம்பரில் பணம் வைத்திருப்போர் நம்மில் ஏராளம். மோசடி நடந்துவிட்டதாகத் தெரிந்த அந்த நிமிடமே 997க்கு அழைக்க வேண்டும். மறுநாள் வரை பொறுத்தால் பணம் கைமாறிவிடும்.

தொழிற்சங்கத்தாரிடமும் தோட்ட நிர்வாகங்களிடமும் ஒன்று கேட்கிறோம். சம்பள வாரத்தில் ஒரு நாளாவது வங்கி ஊழியர் ஒருவரைத் தோட்டத்துக்கே வரவழையுங்கள். தமிழ் தெரிந்தவராக இருந்தால் நல்லது. பண்டமாரானிலும் ஒரு கோயில் மண்டபத்திலோ பள்ளியிலோ அப்படி ஒரு நாள் வைக்கலாம். இடம் கொடுக்க நம் ஆலய நிர்வாகங்கள் மறுக்கமாட்டா.

கணக்கு இல்லாதவர்கள் கேட்க வேண்டியது அடிப்படைச் சேமிப்புக் கணக்கு. தொடங்க 20 வெள்ளியும் அடையாளக் கார்டும் போதும். இருப்பு குறைந்தாலும் அபராதம் இல்லை. மாதத்தில் ஆறு தடவை கவுண்டரிலும் எட்டுத் தடவை அந்த வங்கியின் இயந்திரத்திலும் கட்டணமில்லாமல் பணம் எடுக்கலாம். வேறு வங்கியின் இயந்திரத்தில் எடுத்தால் ஒரு வெள்ளி பிடிப்பார்கள். கவுண்டரில் வேறு ஏதாவது கணக்கைத் திறக்கச் சொன்னால், இந்தப் பெயரையே சொல்லிக் கேளுங்கள். நாம் மேலே சொன்ன அம்மாவும் கிள்ளானில் இந்தக் கணக்கைத்தான் போன மாதம் திறந்தார். இரகசிய எண்ணைப் பேரனிடம் சொல்லவில்லையாம்.