சீட்டில் கையெழுத்துப் போடுங்கள்!



பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வருகிறது. பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லப் பெற்றோர் சம்மதம் கேட்கிறார்கள். கல்லாவில் இருக்கும் நாம் என்ன செய்கிறோம்? மகன் என்றால் கையெழுத்துப் போடுகிறோம். மகள் என்றால், "உனக்கெதுக்கம்மா இதெல்லாம்?" என்கிறோம். ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளை என்றாலோ, "இதுக்கு என்ன புரியும்?" என்று சீட்டை மடித்து வைத்து விடுகிறோம்.

புரியாதா? கண்ணால் பார்த்து, கையால் தொட்டு எதையும் புரிந்துகொள்ளும் வயதே அதுதானே!

நம் தருமபுரியையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டம் இது. பல கிராமங்களில் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது இதனால்தான். இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. தன் வீட்டுக் குழாயில் வருவது எந்த ஆற்றுத் தண்ணீர் என்று நம் பிள்ளைக்குத் தெரியுமா? ஒருமுறை ஒகேனக்கலில் காவிரியைக் காட்டுங்கள். பிறகு தண்ணீரை வீணாக்காதே என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

தொலைவு போகத்தான் வேண்டும் என்பதில்லை. தருமபுரி நகரிலேயே தொல்லியல் துறை அகழ்வைப்பகம் இருக்கிறது. கால்நடைகளை மீட்கும் சண்டையில் உயிர்விட்டவர்களுக்கு எடுத்த நடுகற்களை அங்கே பார்க்கலாம். பட்டுக்கூடு ஏல அங்காடி இருக்கிறது. பாப்பாரப்பட்டியில் தியாகி சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. எல்லாம் அரை நாள் வேலை!

"ஏதாவது ஆகிவிட்டால்?" என்று கேட்கிறீர்கள். நியாயமான பயம். 2023 பிப்ரவரியில் கால்பந்துப் போட்டிக்கு வந்த புதுக்கோட்டை மாவட்டப் பள்ளி மாணவிகள் நால்வர் மாயனூரில் காவிரியில் மூழ்கி இறந்தார்கள். 2024 ஜனவரியில் குஜராத்தின் வதோதரா ஏரியில், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் பலியானார்கள். பிள்ளையைப் பூட்டி வைத்துவிட்டால் இந்தப் பயம் தீருமா? போகாத பிள்ளைக்கு ஆற்றின் ஆபத்தும் தெரியாது. நாளை நமக்குத் தெரியாமல் நண்பர்களோடு போய் இறங்குவான். அதனால் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: எத்தனை ஆசிரியர்கள் வருகிறார்கள்? பெண் ஆசிரியர் உண்டா? வண்டியில் எத்தனை பேர்? சின்னப் பிள்ளைகளை ஆற்றில் இறக்க மாட்டோம், பரிசலில் ஏற்ற மாட்டோம் என்று தலைமையாசிரியர் உறுதி தருகிறாரா? கேட்பது நம் உரிமை. உறுதி கிடைத்தால் அனுப்புவது நம் கடமை.

வணிகச் சகோதரர்களே! உங்கள் புளி மண்டியும் மளிகைக் கடையும்கூடப் பள்ளிக்கூடம்தான். தராசில் ஒரு கிலோவை நிறுத்துப் பார்த்த பிள்ளை எடைக் கணக்கை மறக்குமா? ஒருநாள் காலை வகுப்பை உங்கள் கடைக்கு அழையுங்கள். கட்டணம் கட்ட முடியாத ஏழைப் பிள்ளை ஒன்றின் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இளைஞர்களே! ஆசிரியர்கள் போதவில்லை என்று பள்ளி சொன்னால் துணைக்குப் போங்கள். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் இருந்தால் பாதிப் பயம் தீர்ந்தது.

மடித்து வைத்த அந்தச் சீட்டை எடுங்கள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும்!