மூடுபனியை முந்த வேண்டும்!

இலங்கையின் மலைநாட்டில் இருக்கிறது ஹோர்ட்டன் சமவெளி. சுமார் 2,100 மீட்டர் உயரம். 1988-ல் தேசிய பூங்கா ஆனது.

இங்குள்ள செங்குத்துப் பாறைக்கு "உலக முடிவு" என்று பெயர். எட்டிப் பார்த்தால் தலை சுற்றும்! அதைப் பார்த்துவிட்டுச் சுற்றி வர, 9 கிலோ மீட்டர் மேடும் பள்ளமுமாக நடக்க வேண்டும்.

பலர் நுவரெலியாவில் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுகிறார்கள். இது பெரிய தவறு. பத்து மணிக்கெல்லாம் பெரும்பாலும் மூடுபனி வந்துவிடும். அத்தனை தூரம் நடந்தும், பாவம், வெள்ளைத் திரையைத்தான் பார்க்கிறார்கள்!

பொழுது விடியும்போதே அங்கே இருக்க வேண்டும். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத சீழ்க்கைப் பறவை ஒன்று, இருள் பிரியும் நேரத்தில் ஓடைக்கரையில் தலைகாட்டும். பேச்சுக்குரல் கேட்டால் புதருக்குள் ஓடிவிடும்.

குழந்தைகளுக்குக் கம்பளிச் சட்டை அவசியம். பாலிதீன் பைக்கு உள்ளே அனுமதி கிடையாது. சாப்பாட்டை டப்பாவில் எடுத்துப் போவதே நல்லது.