பணமுள்ளவனுக்குப் பிணை, பஞ்சைக்குச் சிறை!

“திருடனைச் சிறையில் தள்ளாமல் வேறென்ன செய்வதாம்?” என்று கேட்போர் நாட்டில் நிரம்ப உண்டு. மாளிகைகளில் மட்டுமல்ல தோழர்களே, நம் படிப்பகத் திண்ணைகளிலும் இக்கேள்வி ஒலிக்கக் கேட்கிறோம். கேட்போரை நாம் திருப்பிக் கேட்போம்: சிறையிலே அடைபட்டுக் கிடப்போர் திருடர்தாமா? திருடரென்று தீர்ப்பளித்தது யார்? எப்போது?

மைய அரசின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே தந்த கணக்கைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். 4,36,266 பேருக்கென அமைந்த கொட்டடிகளில் இத்தனை பேர்! அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் தீர்ப்பே கேட்காதவர்கள். குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை எவரும் நிரபராதியே என்பது சட்டக் கல்லூரியின் முதற்பாடம். அந்தப் பாடம் பொய்யன்று எனில், நம் சிறைகளில் நால்வரில் மூவர் நிரபராதிகள். மூவரில் இருவர், ஏறத்தாழ, தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் பிற்படுத்தப்பட்டோருமே. தற்செயலாக நேர்ந்ததா இது?

பிணை கேட்டால் நீதிமன்றம் என்ன கேட்கிறது? ஜாமீன்தாரர் இருவர் வேண்டும். அவர்களுக்குச் சொத்து வேண்டும். சொத்துக்குச் சான்று வேண்டும். அந்தச் சான்றுக்காக வட்டாட்சியர் அலுவலக வாசலில் நாட்கணக்கில் நிற்க வேண்டும். குடிசைவாசி எதைக் காட்டுவான்? ஊர்விட்டு ஊர் வந்து சித்தாள் வேலை பார்ப்பவளுக்கு யார் கையொப்பமிடுவார்? பிணை ஆணை கிடைத்த பின்னரும் வெளியேற முடியாமல் கிடப்போர் உண்டு. ஏழு நாளில் விடுதலையாகாதவர் பற்றிச் சிறை அதிகாரி சட்டப்பணி ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுக்க நேர்ந்ததே, அதைவிட வேறு சான்று வேண்டுமா?

“சொத்தில்லாதவன் ஓடிப் போவான்” என்பது ஆளவந்தார்களின் வாதம். ஓடிப் போனவர் யார்? ஏறத்தாழ 9,000 கோடி ரூபாய் வங்கிக் கடனை விட்டுவிட்டு 2016இல் இலண்டனுக்குப் பறந்த சாராய ஆலை முதலாளிக்குச் சொத்தில்லையா? சொத்து இருந்ததனாலன்றோ விமானம் ஏற முடிந்தது! கொத்தனாருக்கு மனைவி மக்கள் இங்கே, கூலி இங்கே, குடும்ப அட்டை இங்கே. அவர் எங்கே ஓடுவார்?

கொத்தனார் என்றது வெறும் உவமைக்காக அன்று. 1978இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த மோதிராம் வழக்கு, மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவரின் வழக்கு. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார் நடுவர். தம்மால் இயலாதெனினும் உடன்பிறந்தான் முன்வந்தான் என்று மகிழ்ந்திருப்பார் அந்த ஏழை. அவன் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, ஆகவே செல்லாது என்றார் நடுவர்! ஆயிரம் ரூபாய்ச் சொந்தப் பிணையில் அவரை விடுவிக்கச் சொன்னவர் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர். 1948இல் தாமே சிறைவாசம் கண்டவர். 1957இல் கேரளத்தில் அமைந்த முதற் பொதுவுடைமை அமைச்சரவையில் சட்டத்தையும் சிறைத்துறையையும் ஏற்றவர். கம்பிக்கு இருபுறமும் நின்று பார்த்தவருக்கு உண்மை புலப்பட்டதில் வியப்பில்லை.

அடுத்த ஆண்டே, 1979இல், ஹுசைனாரா காத்தூன் வழக்கில் பீகார்ச் சிறைகளின் கதவு திறந்தது. குற்றம் உறுதியாகியிருந்தால் கிடைத்திருக்கும் தண்டனையைக் காட்டிலும் நெடிய காலம், விசாரணையே இன்றிக் கிடந்த மக்களை நாடு கண்டது. நீதியரசர் பகவதி வகுத்த வழி எளியது: பணத்தைப் பார்க்காதே, வேரைப் பார். எத்தனை ஆண்டாக அவ்வூரில் வாழ்கிறார், என்ன தொழில், குடும்பம் எங்கே, அவருக்காகப் பேச அக்கம்பக்கத்தார் உண்டா? வேருள்ளவரைச் சொந்தப் பிணையில் விடு! 1961இல் நியூயார்க்கு நகரின் மன்ஹாட்டனில் இம்முறையைச் செய்து பார்த்தனர். 1966இல் அமெரிக்கக் கூட்டரசு பிணைச் சட்டத்தையே திருத்தியது. நம் நாட்டிலோ தீர்ப்பு ஏட்டில் உறங்குகிறது, கொத்தனார் கொட்டடியில் உறங்குகிறார்.

2023இல் மைய அரசு ஒரு திட்டம் கண்டது. ஏழைக் கைதியின் பிணைக்காக 40,000 ரூபாய் வரை அரசே கட்டுமாம்! அரசின் நீதிமன்றம் கேட்கும் பணத்தை அரசின் கருவூலம் கட்டும் இந்த வேடிக்கைக்குப் பதில், பணத்தைக் கேட்காமலே இருந்தாலென்ன?

தீர்ப்புக்குப் பின்னும் சிறைதான் கதியென்பதில்லை. குற்றவாளியை நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் ஊரிலேயே வாழவிடும் சட்டத்தை 1936லேயே கண்டது சென்னை மாகாணம். நாடு முழுமைக்கும் 1958இல் வந்தது. இருபத்தொரு வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்புமுன் காரணத்தை எழுதிவை என்று அச்சட்டம் நடுவருக்கே கட்டளையிடுகிறது. இத்தனை இருந்தும் முதல் தவறு செய்த இளைஞன் சிறைக்குப் போகிறான். உள்ளே தேர்ந்த ஆசான்கள் காத்திருக்கிறார்கள்.

2024 சூலையில் நடப்புக்கு வந்த புதிய தண்டனைச் சட்டம், ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடிப் பொருளைத் திருப்பித் தருபவருக்குச் சமூக சேவையைத் தண்டனையாக்குகிறது. வரவேற்போம். ஆனால் என்ன வேலை, எத்தனை மணி நேரம்? சட்டம் வாய் திறக்கவில்லை. சாதி பார்த்துத் துடைப்பம் கொடுத்த நாடு இது! சிறைக்குள் சாதிவாரியாக வேலை பிரித்த விதிகளை உச்ச நீதிமன்றம் நீக்கியதே 2024 அக்டோபரில்தான். உள்ளே ஒழிந்த துடைப்பம் சேவையின் பெயரால் வெளியே வந்து சேரிப் பிள்ளையின் கையில் ஏறுமாயின், அதை எதிர்த்து முதலில் எழ வேண்டியவர் நாம்.

சமூகம் என்றதும் ஊர்ப் பெரியதனக்காரர்கள் மீசை முறுக்கக்கூடும். அவர்களுக்கும் ஒரு சொல். கட்டைப் பஞ்சாயத்து சட்டத்துக்குப் புறம்பானது, அதை ஒழித்துக் கட்டுக என்று, தமிழகத்திலிருந்து சென்ற வழக்கிலேயே, 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அபராதம் விதித்து, காலில் விழவைத்து, ஊரைவிட்டு விலக்கும் கூட்டத்தை நாம் சமூகம் என்று ஒப்பவில்லை. நீதிமன்றத்தின் ஆணைக்கு உட்பட்டு, அலுவலரின் பொறுப்பில், இழப்புற்றவருக்கு ஈடு கிடைக்கச் செய்து, தவறியவரைத் தொழிலோடும் குடும்பத்தோடும் நிறுத்தி வைக்கும் ஏற்பாட்டையே கேட்கிறோம்.

தோழர்களே, மறியலில் கைதானால் நமக்கு மாலை விழுகிறது. கட்சி வழக்குரைஞர் ஓடி வருகிறார். மாலைக்குள் மண்டபத்திலிருந்து விடுவிக்கிறார்கள். கிளைச்சிறையில் நம்மோடு இரவைக் கழித்த பெயர் தெரியாத மனிதர் மட்டும் அங்கேயே இருக்கிறார். அவர் வழக்கின் எண்ணை நாம் என்றாவது கேட்டோமா? கிளைச்சிறை உள்ள ஒவ்வோர் ஊரிலும் நம் வழக்குரைஞர் அணி ஒரு பட்டியல் எடுக்கட்டும்: பிணை ஆணை வந்தும் வெளிவராதவர் எத்தனை பேர், யாருக்கு ஜாமீன்தாரர் இல்லை, யாருக்கு வயது இருபத்தொன்றுக்குக் கீழ்? பட்டியலை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். தீர்வை ரசீது வைத்திருக்கும் தோழர்கள் அதை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை நீதிமன்ற வளாகத்துக்கு வாருங்கள்.